தெருச் சத்தம்

பன்னிரண்டு பதிவுகளில் பதினொன்றை அழித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, பதினோராம் எண், நாற்பத்தேழு நிமிடம். அதையும் அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குள் பேராசிரியர் வேதநாயகத்துக்கு அனுப்பிவிட்டால் சுகுணா பெட்டியைக் கட்டிக்கொண்டு பல்லடத்துக்கு வண்டி ஏறலாம். ஒரே ஒரு பொத்தான்தான். இரண்டு மணிக்கு அதன்மேல் விரலை வைத்தவள், இரண்டே கால் ஆகியும் வைத்தபடியே இருந்தாள். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று மடிக்கணினி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அதற்கென்ன, சம்பளமா சாப்பாடா, நாள் முழுக்கக் காத்திருக்கும். எழுத்தாக்கம் முடிந்து முப்பது நாளில் குரல் பதிவுகள் அழிக்கப்படும் என்று அந்தப் பன்னிரண்டு பெண்களிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவள் அவள்தான். இன்று முப்பதாவது நாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் சுகுணாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அவளுடைய கல்லூரியில் பாடவேளை மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே வகுப்பு வாசலில் போய் நிற்கிற ஆசிரியை அவள் ஒருத்திதான், பிள்ளைகள் அதற்காக வைத்திருக்கும் பட்டப்பெயரும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரல் அமுங்கவில்லை. நேற்றைக்கு வந்த போன்தான் காரணம். நேற்று இதே நேரம், இதே நாற்காலி, பாளையங்கோட்டையில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கும் இதே மாடி அறை, மின்விசிறி இரண்டாம் எண்ணில், அதற்குமேல் வைத்தால் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டுகள் பறந்துவிடும். போன் அடித்தது. முப்பிடாதி அம்மா. அதாவது பங்கேற்பாளர் பதினொன்று.

"டீச்சர், நான்தான் முப்பிடாதி பேசுதேன். அவுக போயிட்டாக டீச்சர், இருபது நாளாச்சு." புருஷனை இழந்தவளுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று சுகுணா தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "அன்னைக்கு ஒரு மெசின வச்சிப் பிடிச்சீகள்லா, அதுல அவுக சத்தம் விழுந்திருக்கா?" சுகுணா எதிரில் பதினோராம் பேட்டியின் எழுத்தாக்கம் இருந்தது, இருபத்திரண்டு பக்கம், தானே தட்டச்சு செய்தது. புரட்டிப் பார்த்தாள். கேள்வி, பதில், கேள்வி, பதில், இடையிடையே அடைப்புக்குறிக்குள் (சிரிப்பு), (மௌனம்), (தெருச் சத்தம்). அவர் எங்கேயும் இல்லை. "இல்லீங்கம்மா, அவர் உள்ரூம்லதானுங்களே படுத்திருந்தாரு. உங்க சத்தம் மட்டுந்தானுங்க இருக்குது." "ஆமா ஆமா, உள்ளதான கெடந்தாக. சரி டீச்சர். வச்சிருதேன்." அவ்வளவுதான் பேச்சு. அந்த 'சரி' மட்டும் நேற்றிலிருந்து சுகுணாவை விடவில்லை. பல் தேய்க்கும்போது வந்தது, இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது வந்தது, இன்றைக்குப் பத்தாம் பதிவை அழித்துவிட்டுப் பதினொன்றைத் தொடப் போனபோது அந்த 'சரி' கையைப் பிடித்துக்கொண்டது, அதைத் தாண்டிப் பன்னிரண்டை அழித்துவிட்டு வந்தாள். கேட்டுவிடலாம். கடைசியாக ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு அழித்தால் மனசு அடங்கும். நாற்பத்தேழு நிமிடம் போனால் மூன்று மணி. 'வேண்டாம்' என்ற கட்டத்தை அமுக்கினாள். காதுகளில் ஒலிவாங்கிக் கொத்தை மாட்டினாள், அதற்கு ஹெட்போன் என்று எல்லாரும் சொல்லும் பெயர் இருக்க, ஆய்வேட்டில் தமிழாகத்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து அவளாக வைத்த பெயர் அது, வேதநாயகம் சார் படித்துவிட்டு, "ஒலியை வாங்குறது மைக் இல்லையாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார். ஹெட்போனே இருக்கட்டும்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அவளுடைய குரல். தன் குரலைக் கேட்பதென்றால் சுகுணாவுக்கு உடம்பெல்லாம் கூசும். இவ்வளவு இழுப்பா, இவ்வளவு 'ங்க'வா. "இது உங்களுக்கு வசதியான இடந்தானுங்களாம்மா? பேட்டியைத் தனியாத்தான் எடுக்கோணுமுங்க. அவர் பக்கத்துல இருந்தா நீங்க மனசு விட்டுப் பேச மாட்டீங்க." தனியாக! அந்த ஒற்றை நெறிமுறைக்காக, கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளை எழுப்பி முன்னறைக்குக் கூட்டிவந்து, நடுவில் கதவு இல்லாததால் சேலைத் திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பொத்தானை அமுக்கினாள். பக்கவாதம் வந்து படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவிமாரின் அனுபவம், இதுதான் ஆராய்ச்சி. நோயாளி இல்லாத இடத்தில் கேட்க வேண்டும் என்பது விதி. விதியை மீறக்கூடாது. இரண்டாம் நிமிடம், பெயர், வயது, ஐம்பத்தெட்டு. மூன்றாம் நிமிடம், கணவர் பெயர் சங்கரநயினார், வேலை தனியார் பேருந்தில் நடத்துநர், அம்பாசமுத்திரம் தடத்தில் இருபத்தாறு வருடம். நான்காம் நிமிடம். "அவருக்குப் பேச்சு இருக்குதுங்களாம்மா?" "பேச்சு எங்க டீச்சர் இருக்கு. எல்லாம் போச்சு. ஒரே ஒரு..." "சரிங்கம்மா. கை கால் அசைவுங்க?" எங்கோ ஒரு மூலையில் 'பேச்சு: இல்லை' என்ற கட்டத்தில் பேனா டிக் அடிக்கும் மெல்லிய கீறல்கூடக் கேட்டது. சுகுணா பதிவை நிறுத்தினாள். பின்னுக்கு இழுத்தாள். "ஒரே ஒரு..." "சரிங்கம்மா." ஒரே ஒரு என்ன? ஒரே ஒரு பக்கம் அசையும் என்றா, ஒரே ஒரு பிள்ளை என்றா? எழுத்தாக்கத்தில் அந்த இடத்தில் மூன்று புள்ளிதான் இருந்தது. மூன்று புள்ளியைத் தட்டச்சு செய்யும்போது அவள் யோசிக்கவே இல்லை, விரல் பாட்டுக்கு அடித்துவிட்டுப் போய்விட்டது. நேரம் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலையில் அன்றைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தது இப்போது ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நிமிடத்தில் முதல் 'மூதி' வந்தது. உள்ளே ஏதோ உருளும் சத்தம், உடனே முப்பிடாதி அம்மா திரையைப் பார்த்து ஒரு அதட்டல். "ஏ மூதி! கெடந்து உருளாம செத்த சும்மா கெட!" எழுத்தாக்கத்தில் அந்த வரியின்மேல் சிவப்பு அடித்திருந்தது. சிவப்பென்றால் வசை. பச்சையென்றால் அன்பு. நீலம் சோர்வு, மஞ்சள் கடமை. பதினோராம் பேட்டி மட்டும் மருதாணி வைத்த கை மாதிரி பக்கத்துக்குப் பக்கம் சிவந்து கிடக்கும். முப்பத்தொரு இடம். மூதி, சவத்து மூதி, செத்த மூதி. பச்சை நாலே நாலு இடம். அகராதி பார்த்தாள், மூதேவியின் குறுக்கம், இழிசொல் என்று இருந்தது. வேறென்ன வேண்டும்? "பிரமாதம்மா," என்றார் வேதநாயகம் சார். "பராமரிப்பவர் சோர்வு வசையா வெளிப்படுது. இதுதாம்மா உங்க ஆய்வோட முதுகெலும்பு. இதை வச்சே நாலாம் இயல எழுதுங்க." எழுதினாள். எழுதும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன அதிர்ச்சியும் இருந்தது, அதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனை ஒருத்தி மூதி என்பாளா? சுகுணாவின் பல்லடம் பக்கம் கன்றுக்குட்டியைக்கூட 'வாங்க, தண்ணி குடிங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய கணவர் கனகராஜ் கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவளை ஒரு நாள்கூட ஒருமையில் அழைத்ததில்லை. கல்யாணமான புதிதில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை, அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "பரவால்லீங்க," என்றார். அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு சுகுணா கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தினமும் இரண்டு தடவை போன் செய்வார். "சாப்ட்டாச்சுங்களா?" "ஆச்சுங்க. உங்களுக்குங்க?" "ஆச்சுங்க." "சரிங்க." "சரிங்க." நல்ல மனிதர், தங்கமான மனிதர், அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் எல்லா வார்த்தையும் போய் ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சினால் தன் வாயில் மிஞ்சுவது 'சரிங்க'தான் என்று சுகுணாவுக்குத் தோன்றியது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? எல்லா வார்த்தையும் போய், ஒரு வார்த்தை மட்டும். ஒரே ஒரு.

பன்னிரண்டாம் நிமிடம். "அவுகளுக்கு நான் குளிப்பாட்டுனாத்தான் ஆவும் டீச்சர். மவ வந்து செஞ்சா மூஞ்சத் திருப்பிக்கிடுவாக. அவுக மானஸ்தன்லா. ஏ மூதி, ஒன்னத்தாம்ல சொல்லுதேன், கேக்கா?" கீழ்வீட்டில் யாரோ கத்தரிக்காய் வதக்கும் வாசனை வந்தது, தேய்ப்புக்காரரின் வண்டி மணி ஒலித்தது, ஹெட்போனையும் மீறி அதெல்லாம் வந்தது, ஆனால் சுகுணா அந்த ஒரு வரியில் முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிட்டாள். அவுக. மூதி. ஒரே மூச்சில் இரண்டுமா? யாரிடமோ அவரைப் பற்றிச் சொல்லும்போது அவுக, மூஞ்சத் திருப்பிக்கிடுவாக, மானஸ்தன். அவரிடமே பேசும்போதுதான் மூதி. வெறுத்துப்போனவள் ஆள் இல்லாத இடத்தில் அல்லவா வாய்க்கு வந்தபடி பேசுவாள், எதிரில் அடக்கிக்கொண்டு? இது தலைகீழாக இருக்கிறதே. முப்பத்தொரு சிவப்பில் ஒன்றாவது அவரைப் பற்றிச் சொன்னதா என்று பரபரவென்று புரட்டினாள். ஒன்றுகூட இல்லை. முப்பத்தொன்றும் திரையைப் பார்த்துச் சொன்னவை. எண்ணிப் பார்க்கத் தெரிந்தது, பட்டியல் போடத் தெரிந்தது, சதவீதம் போடத் தெரிந்தது, யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. ஏன், அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா? இன்னொரு முறை ஓட்டினாள். கேக்கா? அந்தக் கடைசி 'கா' கொஞ்சம் மேலே போய் நின்றது. கேட்டுவிட்டு நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிற ஒருத்தி நிற்பதுபோல நின்றது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில், சாலையில் போகும் பேருந்தின் நடத்துநர் குரல் கொடுப்பது மாதிரி, தேய்ந்துபோன ஒரு "ரை...". பிறகு முப்பிடாதி அம்மா திருப்தியாக, "ம். நீங்க கேளுங்க டீச்சர்."

எழுத்தாக்கத்தில் அந்த இடத்தில் (தெருச் சத்தம்) என்று இருந்தது. இருக்கட்டும், நடத்துநர் 'ரைட்' என்று கத்தினால் தெருச் சத்தம்தானே. முப்பிடாதி அம்மா இருக்கும் கல்லிடைக்குறிச்சியில் பேருந்துக்கா பஞ்சம். அன்றைக்குக்கூடப் பேருந்தில்தான் போனாள், இறங்கும்போது செருப்பு வார் அறுந்துபோய், ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தாள், நல்ல வெயில், கால் பொத்துப்போகும் சூடு, ஆட்டோக்காரரைக் கேட்டதற்கு, "அந்தத் தெருவுக்குள்ள சைக்கிளே திரும்பாது, நீங்க நடந்தே போயிருங்க," என்று சொல்லிவிட்டார், இருபது நிமிடம் நடந்தாள், அத்தனை தூரம், ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வாழைத்தோப்பு, அதற்குப் பிறகுதான் அந்த எட்டு வீட்டுச் சந்து, வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் தவிர ஒரு சத்தம் கிடையாது, எவ்வளவு அமைதி, பதிவு துல்லியமாக இருக்கும் என்று அவள் சந்தோஷப்பட்டாள், கள ஆய்வுக் குறிப்பில்கூட எழுதினாள், 'இடம்: மிக அமைதியானது.' சுகுணாவின் கை பதிவை நிறுத்தியது. சைக்கிளே திரும்பாத தெருவில் பேருந்து எங்கிருந்து வந்தது? பின்னுக்கு இழுத்து ஒலியைக் கூட்டினாள். "கேக்கா?" மூச்சு. "ரை...". பேருந்தென்றால் 'ரைட்'டுக்குப் பிறகு வண்டி உறுமிக் கிளம்ப வேண்டாமா? எந்த எந்திரமும் உறுமவில்லை. சேலைத் திரைதான் லேசாக அசைந்து வளையம் கிணுங்கியது. அம்பாசமுத்திரம் தடத்தில் இருபத்தாறு வருடம். ஐயோ. "ஐயோ," என்று வாய்விட்டே சொன்னாள். ஐந்தாம் நிமிடத்துக்குப் போனாள். செத்த சும்மா கெட. ரை. ஒன்பதாம் நிமிடம். தண்ணி வேணுமால மூதி. ரை. பதினேழு. டீச்சர் வந்திருக்காகள்லா, ஒழுங்கா இரி. ரை. இந்தத் தடவை அதில் ஒரு சிரிப்புகூட இருந்தது. சிவப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அடுத்த வரியைப் பார்த்தாள். சிவப்பு, கீழே (தெருச் சத்தம்). சிவப்பு, கீழே (தெருச் சத்தம்). முப்பத்தொரு மூதிக்கு இருபத்தொன்பது தெருச் சத்தம். அந்த மனிதர் இருபத்தொன்பது தடவை பேசியிருக்கிறார். அவருக்கு மிஞ்சிய ஒரே ஒரு வார்த்தையை எடுத்து இருபத்தொன்பது தடவை பதில் சொல்லியிருக்கிறார். அத்தனை தடவையும் சுகுணா அவரை அடைப்புக்குறிக்குள் பிடித்துத் தெருவில் விட்டிருக்கிறாள். மிச்சம் இரண்டு? அந்த இரண்டையும் தேடினாள். இரண்டு இடத்திலும் முப்பிடாதி அம்மா அதட்டி முடித்த கையோடு, பதில் வரவேண்டிய அந்த மூச்சு நேரத்தில், ஒரு குரல் வந்து மூடிக்கொண்டிருந்தது. "சரிங்கம்மா." அடியில், மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, 'ரை' கேட்டது.

மணி இரண்டே முக்கால். நிறுத்திவிட்டுப் போன் செய்திருக்கலாம், ஆனால் முழுதும் கேட்டுவிடுகிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். உண்மையில் பயம். என்னவென்று சொல்வது? நேற்று இல்லை என்றேன், இன்று இருக்கிறது என்கிறேன், நேற்று நான் தட்டச்சு செய்ததைப் பார்த்துச் சொன்னேன், கேட்டுச் சொல்லவில்லை. தாளைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன் அம்மா. இருபது நாள் துக்கத்தில் இருக்கிறவளிடம். ஒரு பொத்தான் அமுக்கியிருந்தால்? இரண்டு மணிக்கு, விரல் அதன்மேலேயே இருந்தது, ஒரு தும்மல் வந்திருந்தால்கூடப் போதும், சங்கரநயினாரின் குரல் உலகத்திலேயே இல்லாமல் போயிருக்கும், அவளும் பொறுப்பாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நிம்மதியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறியிருப்பாள், வண்டியில் ஜன்னலோர இருக்கை வேறு. அழித்துவிட்ட மற்றப் பதினொரு பதிவுகளில் என்னென்ன போயிருக்கும் என்ற எண்ணம் வந்தது, ஏழாம் பேட்டியில் (பாத்திரச் சத்தம்) என்று ஓயாமல் வருமே, அது என்ன, அது பாத்திரம்தானா, அந்தப் பக்கம் போகாதே சுகுணா, போனால் இன்றைக்கு எழுந்திருக்க மாட்டாய். நாலாம் இயல் போயிற்று. முதுகெலும்பு போயிற்று. வேதநாயகம் சாரிடம் சொல்ல வேண்டும், சார், அது வசை இல்லை, அது ஒரு பேச்சில் பாதி, மீதிப் பாதியை நான் எழுதவில்லை. அவர் கோபப்பட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுதான் இன்னும் மோசம். "டேட்டா பேசணும்மா, நீங்க பேசக்கூடாது," என்று முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார். அவளோ முப்பத்தொன்றாம் நிமிடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் நிமிடம்! "கொஞ்சிக் கூப்பிட்டா ஏறிட்டுப் பாக்க மாட்டாக டீச்சர். அழுதாலும் பாக்க மாட்டாக. ஏசுனாத்தான்..." "சரிங்கம்மா. உங்க தூக்கம் எப்படீங்க?" சுகுணா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஏசினால்தான் என்ன? அந்த அம்மா அவள் காலடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், அவள் அதை எட்டி மிதித்துத் தாண்டிப்போய்த் தூக்கத்தைக் கேட்டிருக்கிறாள். வினாநிரலில் அடுத்த கேள்வி தூக்கம். அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது, அந்த வெறுப்புக்கு நடுவிலும், அந்த இரண்டு பேர்மேல், திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருத்தரை ஒருத்தர் அதட்டியும் ரைட் சொல்லியும் ஓட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேர்மேல், சொல்லமுடியாத பிரியம் வந்தது. நடுவில் ஒரு டீச்சர் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். ஆறாவது வரி, அவளே சேர்த்தது, யாருமே கேட்டதில்லை என்பதால் மறந்தேபோனது: பேட்டி அளித்தவர் விரும்பினால் பதிவின் நகல் அவருக்குத் தரப்படும். அப்படியென்றால் கொடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அழிப்பேன், கொடுத்துவிட்டு அழிப்பேன், எந்த விதியும் மீறவில்லை. மூன்று அடித்துப் பத்து நிமிடம். போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு மனம், எடுத்துவிடு தாயே என்று ஒரு மனம்.

"யாரு? டீச்சரா?"

"நான்தானுங்கம்மா. அம்மா, நேத்து ஒரு தப்புப் பண்ணீட்டனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு ஏசுனாத்தான்னு ஒண்ணு சொல்ல வந்தீங்க. நான் விடலீங்க. என்னங்கம்மா அது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். யோசிப்பது தெரிந்தது. "அதுவா? அது ஒண்ணுமில்ல டீச்சர். அவுக கீழ விழுந்து நாலு மாசம், பொட்டு சத்தம் இல்ல. டாக்டரு இனி பேச்சு வராதுன்னுட்டாரு. நான் என்னங்கேன், ஏங்கங்கேன், சாமி பேரச் சொல்லுதேன், ஒண்ணுக்கும் அசையல. நல்லா இருந்த காலத்துல அவுகள ஒரு பேச்சுப் பேசுனவ இல்ல நான், அவுக முன்னால உக்காரக்கூட மாட்டேன். ஒரு நா கஞ்சியத் தட்டி விட்டுட்டாக. மூணாவது தடவ. எனக்குப் பொறுக்கல. எலே சவத்து மூதி, வாங்குதியா இல்லியான்னு கத்திட்டேன். கத்திட்டு எனக்கே ஈரக்கொல நடுங்குது. அவுக என்னப் பாத்தாக. பாத்துட்டு, ரை, அப்படின்னாக."

சுகுணா எழுத்தாக்கத்தில் 'ஒரே ஒரு' என்பதற்குப் பின்னால் இருந்த மூன்று புள்ளியின்மேல் விரலை வைத்தாள்.

"நான் அழுதேன் டீச்சர். அன்னையிலிருந்து ஏசிக்கிட்டேதான் இருந்தேன். கஞ்சி குடுக்க ஏசணும், படுக்கத் திருப்ப ஏசணும். சும்மாவும் ஏசுவேன். தெருவுல உள்ளவ எல்லாம் கொடுமக்காரின்னுதான் பேசுனாளுவ. பேசட்டுமே. எனக்கு அவுக சத்தம் வேணும்லா." குரல் சட்டென்று கரகரத்தது. "இப்ப ஏசுனா யாரு ரைட்டு சொல்லுவா, சொல்லுங்க."

"அம்மா, அது இருக்குதுங்க," என்றாள் சுகுணா. "அவர் சத்தம் இதுல இருக்குதுங்க. ஒரு தடவை இல்லீங்க, நெறையத் தடவை. நான்தான் தெருச் சத்தம்னு நெனச்சுப்போட்டனுங்க. முழுசையும் உங்களுக்குக் கொண்டாந்து தர்றனுங்க. இப்ப கொஞ்சம் போடட்டுங்களா?"

"போடுங்க டீச்சர்." சுகுணா மடிக்கணினியிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். ஐந்தாம் நிமிடத்துக்கு இழுத்து, ஒலியை முழுக்கக் கூட்டி, போனை மடிக்கணினியின் ஓரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அறை முழுக்க அந்த அதட்டல் எழுந்தது. "ஏ மூதி! கெடந்து உருளாம செத்த சும்மா கெட!" மூச்சு. "ரை...". கீழ்வீட்டில் பாத்திரம் கழுவுவது நின்ற மாதிரி இருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று சுகுணா பார்த்தாள், போகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதிவும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதில் அவளுடைய கேள்வி ஒன்று போயிற்று, கை கால் வலி பற்றி, முப்பிடாதி அம்மாவின் பதில் ஒன்று போயிற்று, உடம்பு முழுக்க வலி டீச்சர் என்று. ஒன்பதாம் நிமிடம் நெருங்கியது. உள்ளே தண்ணீருக்கு முனகுவது கேட்டது. "தண்ணி வேணுமால மூதி?" என்று பதிவுக்குள் கேட்டாள் முப்பிடாதி. அதே நேரத்தில் போனுக்குள்ளிருந்து, அழுகையும் சிரிப்பும் குழைந்து, இன்னொரு முப்பிடாதி கேட்டாள். "எலே மூதி, என்ன விட்டுட்டுப் போயிட்டியேல, நல்லா இருக்கியா?"

"ரை..."

சுகுணா பதிவை நிறுத்தினாள். முப்பிடாதி அம்மா ஏதாவது சொல்வாள், அல்லது சொல்லமாட்டாள். தொண்டைவரை வந்துவிட்ட 'சரிங்கம்மா'வைச் சுகுணா அப்படியே விழுங்கிவிட்டாள்.